கையெழுத்து அவருடையது, செயல் என்னுடையது

செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் ஆங்கிலத் துறையில் வேலை பார்த்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதவி எனக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு, நிர்வாகத்தில் செல்வாக்குள்ள ஒருவரின் உறவுக்காரப் பையன் இன்டர்னல் தேர்வு ஒன்றைக்கூட எழுதவில்லை. அவனுக்கு 25-க்கு 22 மதிப்பெண் போட்டது நான். அந்தப் பேப்பரை நடத்தியவர் நான் அல்ல. என்னிடம் எம்.ஏ. படித்து, பிறகு என்னிடமே பிஎச்.டி.க்குப் பதிவு செய்து, சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண். மதிப்பெண் பட்டியலை அவர் முன்னால் வைத்து, "கையெழுத்துப் போடும்மா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் அந்தப் பையனின் வரிசை எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

மற்ற மாணவர்கள் சும்மா இருக்கவில்லை, எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தார்கள். விசாரணை வைத்தார்கள். பட்டியலில் இருந்தது அவருடைய கையெழுத்து. என்னைக் கேட்டபோது, "எனக்கு இதுபற்றி எதுவும் தெரியாது" என்றேன். அடுத்த கல்வியாண்டில் அவருக்கு வேலை இல்லை. எனக்குத் துறைத் தலைவர் பதவி வந்தது.

இதை முதல் பத்தியிலேயே எழுதியதற்குக் காரணம் உண்டு. என்ன செய்தேன் என்று சொல்லாமலே குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அதில் நான் பல வருடம் பழகியிருக்கிறேன். அந்த வழியை எழுத்தில் மிகத் துல்லியமாகக் காட்டிய நாவலைத்தான் ஆண்டுதோறும் எம்.ஏ. வகுப்பில் நடத்தினேன்: நதானியல் ஹாதோர்ன் எழுதி 1850-இல் வெளிவந்த 'தி ஸ்கார்லெட் லெட்டர்'.

கதை 1640-களின் பாஸ்டனில் நடக்கிறது. இங்கிலாந்தின் திருச்சபை போதுமான அளவு தூய்மையடையவில்லை என்று கடல் கடந்து வந்த பியூரிட்டன்கள் கட்டிய ஊர். அங்கே பாவமும் சட்டக் குற்றமும் வேறு வேறல்ல. கணவன் பல காலமாகக் கண்ணில் படாத ஹெஸ்டர் பிரின் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிடுகிறாள். தூக்குத் தண்டனைகூடக் கிடைத்திருக்கும். இரக்கப்பட்டு, மூன்று மணி நேரம் தண்டனை மேடையில் நிற்கவும், ஆயுள் முழுக்க மார்பில் 'ஏ' என்ற சிவப்பு எழுத்தை அணியவும் தீர்ப்பளிக்கிறார்கள். குழந்தையின் தகப்பன் யார் என்று அவள் சொல்லவே இல்லை. அவன் ஊரே கும்பிடும் இளம் போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல். அன்றைக்கே ஊருக்கு வந்து சேரும் அவளுடைய கணவன் ரோஜர் சில்லிங்வொர்த் என்ற பெயரில் வைத்தியனாக ஒளிந்துகொண்டு, போதகரின் வீட்டிலேயே தங்கி, அவரது மனசாட்சியைத் தோண்டித் தோண்டிப் பழிவாங்குகிறான். ஏழு வருடம் இப்படிப் போகிறது.

பதினோராம் அத்தியாயத்தில் டிம்ஸ்டேல் பிரசங்க மேடையில் நின்று தன்னைப் பாவி என்கிறார். ஒரு முறையல்ல, பல முறை. நான் மனிதர்களிலேயே இழிந்தவன், என் உடம்பு உங்கள் கண்ணெதிரே எரிந்து போகாமலிருப்பதே ஆச்சரியம் என்ற பொருளில் பேசுகிறார். சபையார் என்ன செய்தார்கள்? மேடையிலிருந்து அவரை இழுத்துப் போடவில்லை. இத்தனை தூய மனிதரே தன்னை இப்படிச் சொல்கிறாரே, அப்படியானால் நம் நிலைமை என்ன என்று உருகினார்கள். மதிப்பு கூடியது. கூடும் என்று அவருக்கும் தெரியும். உண்மையைத்தான் சொன்னார், அதைப் பொய்யாக மாற்றும் விதத்தில் சொன்னார் என்று ஹாதோர்ன் அவரை விடாமல் பிடிக்கிறார். செய்த காரியத்தையும், யாருக்குச் செய்தோம் என்பதையும் விட்டுவிட்டால் ஒப்புதல் ஒரு நகையாகிவிடும்.

நான் அந்த நகையைப் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். இந்த அத்தியாயம் வரும்போதெல்லாம் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பேன். பிறகு, "நமக்குள்ள எல்லாருக்குள்ளயும் ஒரு டிம்ஸ்டேல் இருக்கான். எனக்குள்ளயும் இருக்கான்" என்பேன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். வகுப்பு முடிந்ததும் நாலைந்து பேர் வந்து, "சார், இன்னைக்கு கிளாஸ் மறக்கவே முடியாது" என்பார்கள். எனக்குப் பிரிவுபசார விழா நடந்தபோது ஒரு பழைய மாணவன் அந்த வாக்கியத்தை மேடையில் சொல்லி, தன் குறையை மாணவர்கள் முன்னால் ஒப்புக்கொள்ளும் மனசு எத்தனை ஆசிரியருக்கு வரும் என்று கேட்டான். கைதட்டினார்கள். மாலை கழுத்தில் இருந்தது. நான் எழுந்து, இல்லை தம்பி, நான் ஒப்புக்கொள்ளவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி எழுதுவது இதைவிடக் கடினம். ஹெஸ்டர் கைக்குழந்தையோடு மேடையில் நிற்கிறாள். மேலே மாடத்தில் கவர்னர் பெல்லிங்ஹாமும் மூத்த போதகர் ஜான் வில்சனும் மற்றப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இருவரும் வரலாற்றில் உண்மையாகவே வாழ்ந்தவர்கள். அவள் உன் சபையைச் சேர்ந்தவள், நீ சொன்னால் கேட்பாள், பெயரைச் சொல்ல வை என்று டிம்ஸ்டேலை முன்னே தள்ளுகிறார்கள். அவர் மாடத்திலிருந்து குனிந்து, அவள் கண்களைப் பார்த்துப் பேசுகிறார். அந்த மனிதன்மேல் இரக்கப்பட்டு மௌனமாக இருக்காதே, அவன் உயர்ந்த இடத்திலிருந்து இறங்கி உன் பக்கத்தில் நிற்க நேர்ந்தாலும் அதுதான் அவனுக்கு நல்லது என்ற பொருளில் கெஞ்சுகிறார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொல்கிறவர் அந்த மனிதனே. ஹெஸ்டர் மறுக்கிறாள். உடனே அவர் பின்னால் சாய்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, பெண்ணின் மனது எத்தனை உறுதியானது, எத்தனை பெருந்தன்மையானது என்று வியக்கிறார்.

விசாரணையின்போது முதல்வர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "சார், அந்தம்மா எதுவும் பேச மாட்டேங்கிறாங்க. யார் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்கன்னு கேட்டா தலையக் குனிஞ்சுக்கறாங்க. உங்க ஸ்காலர்தானே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க" என்றார். துறை அறைக்கு வெளியே, நோட்டீஸ் போர்டுக்குக் கீழே இருந்த பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். நான் போய் நின்றுகொண்டே, "எது உண்மையோ அதச் சொல்லிடும்மா. உனக்கு அதுதான் நல்லது" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரிங்க சார்" என்றார். உள்ளே போய், கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தார். அன்று மாலை என் மனைவியிடம், "தங்கமான பொண்ணு" என்று சொன்னேன்.

அதற்கடுத்த பருவத்திலும் மூன்றாம் அத்தியாயம் நடத்தினேன். மாடத்திலிருந்து குனியும் அந்த இடத்தைக் குரலை ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைத்தான் நான் உள்ளபடியே சொல்ல வேண்டியிருக்கிறது: குற்றவுணர்ச்சி என்னை அரித்துக்கொண்டிருந்தது என்று எழுதினால் அது பொய். அவ்வப்போது வரும், போகும். டிம்ஸ்டேல் பூட்டிய அறையில் தன்னைச் சாட்டையால் அடித்துக்கொள்கிறார், பட்டினி கிடக்கிறார், இரவெல்லாம் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபடி விழித்திருக்கிறார். நான் நன்றாகத் தூங்கினேன்.

அப்படியிருந்தும் டிம்ஸ்டேலைத்தான் என்னுடைய ஆள் என்று தேர்ந்துகொண்டேன். இந்த நாவலில் தேர்வுக்கு வழக்கமாக வரும் ஒரு கேள்வி உண்டு: அதிகம் துன்பப்பட்டவர் யார்? நான் எழுதச் சொல்லிக் கொடுத்த விடை டிம்ஸ்டேல். ஹெஸ்டரின் எழுத்து ஆடைக்கு மேலே இருக்கிறது, அவருடையது உள்ளே எரிகிறது. வெளியே தெரிகிற துன்பத்துக்கு ஒரு முடிவுண்டு, மறைக்கிற துன்பத்துக்கு இல்லை. கேட்க அழகாக இருக்கும். மாணவர்கள் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். இந்த விடைக்கு நாவலில் இடம் இல்லை என்று சொல்லமாட்டேன், இருக்கிறது. ஆனால் அந்த விடையில் நான் ஏன் அத்தனை பிடிவாதமாக இருந்தேன் என்று இப்போது தெரிகிறது. மறைத்தவன்தான் அதிகம் வதைபட்டவன் என்றால், மறைத்தவனுக்குத் தண்டனை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. மேற்கொண்டு அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

குறியீடுகளும் எனக்கு அதே உதவியைச் செய்தன. இந்த நாவல் குறியீடுகளால் நெய்தது. சிறை வாசலில் பூத்திருக்கும் காட்டு ரோஜா, மூன்று முறை வரும் தண்டனை மேடை, வெயில் விழுந்து விலகும் காடு, கவர்னர் வீட்டுக் கவசத்தில் ராட்சத அளவில் பிரதிபலிக்கும் 'ஏ', நள்ளிரவு வானத்தில் எரிகல் எழுதும் 'ஏ'. அந்த எழுத்துக்கு ஊர் கொடுக்கும் பொருளும் மாறிக்கொண்டே போகிறது. தண்டனையாகத் தொடங்கியதைத் திறமையின் அடையாளம் என்கிறார்கள், தேவதையின் அடையாளம் என்கிறார்கள். இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும், "இதுல பெருசா கொஸ்டின் வராது, வீட்டுல படிச்சுக்குங்க" என்று தாண்டிவிடுவேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் இருப்பது ஹெஸ்டரின் பிழைப்பு. சிறையிலிருந்து வெளியே வந்ததும் ஊரின் ஓரத்தில், கடலைப் பார்த்த ஒரு பாழடைந்த குடிசையில் குழந்தையோடு தங்குகிறாள். தெரிந்த தொழில் ஊசிவேலை. கவர்னரின் கழுத்துப்பட்டைக்கும், படைவீரர்களின் இடுப்புத்துணிக்கும், போதகரின் பட்டைக்கும், குழந்தைகளின் தொப்பிக்கும், சவப்பெட்டிக்குள் போகும் துணிக்கும் அவள்தான் பூவேலை செய்து கொடுக்கிறாள். மணப்பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் அவளைக் கூப்பிட்டதே இல்லை. தான் முரட்டுத் துணி உடுத்தி, மிச்சத்தை ஏழைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறாள். அந்த ஏழைகளே வாங்கிக்கொண்டு அவளை ஏசுகிறார்கள். தெருவில் போதகர்கள் நிறுத்தி வைத்து உபதேசம் செய்ய, கூட்டம் கூடிவிடுகிறது. தேவாலயத்துக்குப் போனால் பிரசங்கத்தின் பொருளே அவளாக இருக்கிறாள். குழந்தைகள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். புதிதாக ஊருக்கு வந்தவர் அந்த எழுத்தை உற்றுப் பார்க்கும்போது கையால் மூடிக்கொள்ளத் தோன்றுகிறது, மூடாமல் நிற்கிறாள்.

இதில் எந்தக் குறியீடும் இல்லை. மற்றவர் சும்மா இருந்ததால் ஒரு பெண் தினமும் என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்ற கணக்கு இருக்கிறது. கணக்கு எனக்கு வேண்டாம், எழுத்தின் பொருள் போதும் என்று நான் கரும்பலகைக்குப் போய்விட்டேன். என் ஸ்காலர் வேலை போன பிறகு எந்தெந்தக் கல்லூரியில் ஏறி இறங்கினார், யார் என்ன கேட்டார்கள், வீட்டு வாடகையை யார் கொடுத்தது என்று நான் விசாரிக்கவே இல்லை. 'தங்கமான பொண்ணு' என்ற சொல்லை வைத்துக்கொண்டேன்.

நான் எதுவும் செய்யாமல் இருந்தேன் என்பதும் சரியல்ல. அவருடைய ஆய்வேட்டைத் தள்ளிப்போடாமல் படித்துத் திருத்தினேன். வாய்மொழித் தேர்வன்று வெளியிலிருந்து வந்த பேராசிரியரிடம் அவரைப் புகழ்ந்து பேசினேன். எனக்குத் தெரிந்த இரண்டு கல்லூரிகளுக்குத் தொலைபேசியில் அவர் பெயரைச் சொன்னேன். இதெல்லாம் பரிகாரம் என்று நினைத்திருந்தேன்.

இந்தப் பரிகாரத்துக்கும் நாவலில் ஓர் இடம் இருக்கிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் டிம்ஸ்டேல் நள்ளிரவில், ஊர் தூங்கும் நேரத்தில், தண்டனை மேடையில் தனியாக ஏறி நிற்கிறார். அந்தப் பக்கமாக வரும் ஹெஸ்டரையும் அவளுடைய ஏழு வயது மகள் பேர்லையும் மேலே கூப்பிடுகிறார். மூவரும் கைகோர்த்து நிற்கிறார்கள். அவருக்குள் புது உயிர் பாய்கிறது. குழந்தை ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: நாளைக்கு நடுப்பகலில் எங்களோடு இங்கே நிற்பாயா? இல்லை, வேறொரு நாள், நியாயத்தீர்ப்பு நாளில் என்கிறார் அவர். பேர்ல் கையை உருவிக்கொள்ளப் பார்க்கிறாள். பிறகு காட்டில் அவர் அவள் நெற்றியில் முத்தமிடும்போது ஓடைக்கு ஓடிப்போய் அதைக் கழுவிவிடுகிறாள். இந்தக் குழந்தையை விமர்சகர்கள் குட்டிப் பிசாசு, உயிருள்ள சிவப்பு எழுத்து, ஹெஸ்டரின் மனசாட்சி என்று என்னென்னவோ சொல்வார்கள். நானும் சொன்னேன். அவள் கேட்டது ஒரு குழந்தை கேட்கக்கூடிய மிகச் சாதாரணமான கேள்வி: பகலில் என்னைத் தெரியுமா, தெரியாதா? என் தொலைபேசிப் பேச்சுகளும் சிபாரிசுகளும் நள்ளிரவில் பிடித்த கைதான். விசாரணைக் குழு பகலில்தான் உட்கார்ந்திருந்தது.

ஹாதோர்ன் இதையெல்லாம் எங்கிருந்து எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் வகுப்பில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்ட பகுதி அதுவும்தான். 1804-இல் மாசச்சூசெட்ஸின் சேலம் நகரில் பிறந்தவர். அவருடைய முன்னோர் வில்லியம் ஹாதோர்ன் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைக் கொடுமைப்படுத்திய நீதிபதி. வில்லியமின் மகன் ஜான் 1692-இல் சேலம் சூனிய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்தவர். அந்த வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், வாய் திறக்க மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவர் கற்களை அடுக்கி நசுக்கிக் கொல்லப்பட்டார். நாவலுக்கு முன்னுரையாக வரும் சுங்கச்சாவடிக் கட்டுரையில், அந்த முன்னோரின் அவமானத்தைத் தானே ஏற்பதாக ஹாதோர்ன் எழுதுகிறார். 1849-இல் ஆட்சி மாறிச் சேலம் சுங்கச்சாவடி வேலையை இழந்தார், அதே கோடையில் தாயையும் இழந்தார். அதன் பிறகு எழுதியது இந்த நாவல். கடைசிப் பகுதியை மனைவி சோஃபியாவிடம் வாசித்துக் காட்டியபோது அவர் மனம் உடைந்து, தலைவலியோடு படுக்கப் போனார் என்று பதிவு இருக்கிறது.

ஜான் ஹாதோர்ன் வருந்தியதற்கு எந்தப் பதிவும் இல்லை. வருந்திய நீதிபதி ஒருவர் இருந்தார்: சாமுவேல் சீவல். 1697 ஜனவரி 14, உபவாச நாள். பாஸ்டன் சபையில் போதகர் சாமுவேல் வில்லர்ட் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, அவர் அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்து முடிக்கும் வரை தன் இருக்கையில் எழுந்து நின்றார். எந்த நீதிமன்றம், எந்த ஊர், எந்த வழக்கு என்று தாளில் இருந்தது. பழியும் அவமானமும் தனக்கே என்றிருந்தது. வாசித்து முடிந்ததும் தலை வணங்கினார். எல்லாம் பகலில், அவரைத் தெரிந்தவர்கள் முன்னால். 1706-இல், சிறுமியாக இருந்தபோது பலரைச் சூனியக்காரர் என்று கைகாட்டிய ஆன் பட்னம், சேலம் கிராமத்துச் சபையில் அதே போல எழுந்து நின்றாள். தான் குற்றம் சாட்டிய ரெபெக்கா நர்ஸையும் அவருடைய இரு சகோதரிகளையும் குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஆனால் சாத்தான் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். முழுக்கத் தன்மேல் போட்டுக்கொள்வது எவ்வளவு கடினம் என்று இந்தக் கட்டுரையின் முதல் பத்தியை எழுதும்போது எனக்குத் தெரிந்தது. 'நிர்வாகத்தின் நெருக்கடி காரணமாக' என்று ஒரு தொடர் அதில் இருந்தது. அடித்துவிட்டேன். யாரும் என்னை நெருக்கவில்லை. அந்தச் செல்வாக்குள்ளவர் கேட்டார், நான் பதவியை நினைத்துச் செய்தேன்.

அந்த ஊர்க்காரர்கள் வருத்தத்தோடு நிற்கவில்லை என்பதையும் நான் வெகு தாமதமாகத்தான் கவனித்தேன். 1711-இல் மாசச்சூசெட்ஸ் அரசு, தண்டிக்கப்பட்டவர்களில் பலருடைய தீர்ப்பை நீக்கி, குடும்பங்களுக்கு 578 பவுண்டு 12 ஷில்லிங் இழப்பீடு ஒதுக்கியது. விடுபட்டவர்களின் பெயர்கள் பின்னால் ஒவ்வொன்றாகத் துடைக்கப்பட்டன. கடைசியாக எலிசபெத் ஜான்சனின் பெயர் 2022-இல் விடுவிக்கப்பட்டது. 330 வருடத்துக்குப் பிறகும் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே இருந்த தீர்ப்பை ஒருவர் சட்டமன்றம் வரை கொண்டுபோய் நீக்க வேண்டியிருந்தது. மன்னிப்பு வேறு, ஏட்டில் இருப்பதைத் திருத்துவது வேறு.

இந்த வேறுபாட்டோடு நாவலின் முடிவுக்குத் திரும்பினால் எனக்குப் பிடித்த டிம்ஸ்டேல் என் கையில் நிற்கவில்லை. கவர்னர் பதவியேற்கும் நாளில், வாழ்க்கையிலேயே சிறந்த பிரசங்கத்தைச் செய்து முடித்துவிட்டு, புகழின் உச்சியிலிருந்து இறங்கி வந்து மேடையேறி, மார்புத் துணியைக் கிழித்துக் காட்டிவிட்டுச் சாகிறார். காட்டில் ஹெஸ்டரோடு கப்பலேறித் தப்பிக்கத் திட்டமிட்டபோதுகூட, புறப்படுவதற்கு முன் அந்தப் பிரசங்கம் முடிந்துவிடும் என்று அவர் நிம்மதி அடைந்ததை ஹாதோர்ன் மறைக்கவில்லை. இதை நான் வகுப்பில் கண்கலங்க வாசித்திருக்கிறேன். இப்போது கேட்கத் தோன்றுகிறது: அவர் அடைந்தது அவருக்கான விடுதலை, ஹெஸ்டருக்கு என்ன கிடைத்தது? மறுமையிலாவது சேர்ந்திருப்போமா என்று குனிந்து கேட்கிறாள். அதற்கும் அவரிடம் உறுதி இல்லை. அவள் மார்பில் எழுத்து இருந்தபடியே இருக்கிறது. கூட்டத்தில் நின்ற சிலர், அவர் எதையும் ஒப்புக்கொள்ளவே இல்லை, பாவிகளோடு நிற்பதன் மூலம் ஒரு பாடம் காட்டினார் என்று பிற்பாடு சாதிக்கிறார்கள்.

அந்த நாவலில் குழந்தையின் கையில் எதையாவது வைத்துவிட்டுப் போனவன் ஒருவன்தான். சில்லிங்வொர்த். ஒரு வருடத்துக்குள் சாகும்போது, பாஸ்டனிலும் இங்கிலாந்திலும் இருந்த சொத்தையெல்லாம் தனக்குப் பிறக்காத பேர்லுக்கு எழுதி வைக்கிறான். பேர்லின் வாழ்க்கையே அதனால் மாறுகிறது. அவனைச் சாத்தான் என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிட்டு, உயில் பற்றி ஒரு வரி பேசியதில்லை நான். அவன் செய்த கொடுமையை அந்த உயில் குறைக்காது. ஆனாலும் அது ஒரு காகிதம், அதிகாரபூர்வமான காகிதம், அதை வைத்து ஒரு பெண் பிழைக்க முடிந்தது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு பத்திரிகைக்காக இந்த நாவலைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோது டிம்ஸ்டேலின் அறையைப் பற்றிய வரிகளில் நின்றேன். அவர் தங்கியிருந்த அறைச் சுவரில் ஒரு திரைச்சீலை. அதில் தாவீது, பத்சேபாள், தீர்க்கதரிசி நாத்தான். தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைப் போர்முனையில் சாகவிட்டவன். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையை நாத்தான் சொல்ல, தாவீது கொதித்தெழுந்து அந்தப் பணக்காரன் சாக வேண்டும் என்கிறான். அவன் வேறு யாருமில்லை, நீதான் என்று நாத்தான் காட்டுகிறார். இந்தப் படத்தின் கீழேதான் டிம்ஸ்டேல் தினமும் படித்தார், பிரசங்கம் எழுதினார். கதையைக் கேட்டுக் கோபப்படத் தெரிந்தவன், கதை தன்னைப் பற்றியது என்று தெரிந்துகொள்ளாமலே இருக்கலாம். நானும் அந்தச் சுவருக்குக் கீழேதான் பாடம் நடத்தினேன். அன்று எழுத முடியவில்லை. என் ஸ்காலரின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன்.

இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறார். நலம் விசாரித்த பிறகு, நடந்ததைச் சொல்லி, அன்று நான் பொய் சொன்னேன், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. குக்கர் விசில் கேட்டது. நான் ஏதாவது பேச வேண்டும் என்று, "நீ அன்னைக்கு என்னைக் காட்டிக் குடுக்காம இருந்தது பெரிய மனசும்மா" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"பெரிய மனசெல்லாம் இல்ல சார்" என்றார். "என் தீஸிஸ் உங்க டேபிள்ல இருந்துச்சு. நாலு சாப்டர் நீங்க ஓகே பண்ணணும். பேசியிருந்தா அது என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதுக்குத்தான் வாயத் தொறக்கல."

கோபமாகச் சொல்லவில்லை, எனக்குப் புரிய வேண்டுமே என்ற கவனத்தோடு சொன்னார். மாணவர்களுக்கு ஒரு வாக்கியத்தைப் பிரித்துக் காட்டுகிற குரல். ஹெஸ்டர் அன்பினால் மௌனமாக இருந்தாள். இவர் பயத்தினால் இருந்தார். பயத்துக்குக் காரணம் நான். அதை அன்பாகவும் விசுவாசமாகவும் பெருந்தன்மையாகவும் வாசித்து, ஒரு நாவலின் பாத்திரத்தை எடுத்து அவர்மேல் போர்த்தி வைத்திருந்தேன். அவருக்கு நான் செய்த இரண்டாவது தீங்கு அது. முதலாவதைவிட அதிக நாள் செய்ததும் அதுதான்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவர் கேட்டது ஒரு காகிதம். கல்லூரியிலிருந்து அவருக்குக் கொடுத்த அனுபவச் சான்றிதழை வாட்ஸாப்பில் படமெடுத்து அனுப்பினார். பணியாற்றிய காலத்தில் கடைசி வருடம் இல்லை. 'நடத்தை' என்ற இடத்துக்கு எதிரே எதுவும் எழுதாமல் ஒரு சிறு கோடு மட்டும் இழுத்திருந்தது. எந்த நேர்காணலுக்குப் போனாலும் முதலில் விரல் வைக்கும் இடம் அந்தக் கோடுதான் என்றார். என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன். "ஆபீஸ்ல விட்டுட்டாங்கன்னு சொல்வேன் சார். சிரிப்பாங்க" என்றார். "முடிஞ்சா அத மட்டும் சரி பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்த வாரமே கல்லூரி முதல்வருக்கும் செயலருக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் எழுதினேன். எந்தப் பருவம், எந்தப் பேப்பர், எந்தப் பதிவு எண், யார் கேட்டு யார் மதிப்பெண் போட்டது, யார் கையெழுத்து வாங்கியது, விசாரணையில் நான் சொன்ன பொய் எது என்று வரிசையாக இருக்கிறது. என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றும், அவருடைய சான்றிதழைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். கடிதத்தின் நகலை அவருக்கும் அனுப்பினேன். அதற்கு முன் அவரிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு திருத்தம் சொன்னார். 'அறியாமல் கையெழுத்திட்டார்' என்று எழுதியிருந்தேன். "தெரிஞ்சுதான் போட்டேன் சார், நீங்க சொன்னதால போட்டேன். அப்படியே எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினேன்.

பழைய கூட்டாளிகள் சிலர் அழைத்தார்கள். இத்தனை வருடம் கழித்து இதெல்லாம் தேவையா, பென்ஷனில் கைவைத்துவிடுவார்கள், பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பாய் என்றார்கள். என் மகனிடம் நானே சொன்னேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

அலுவலகத்திலிருந்து இதுவரை வந்திருப்பது, விசாரணைக் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற பதில். கட்டடம் மாற்றியபோது பழைய கோப்புகள் இடம் மாறிவிட்டனவாம். கோப்பு கிடைக்காவிட்டால், நேரில் வந்து முதல்வர் முன்னிலையில் என் வாக்குமூலத்தை மறுபடி எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.